வெளுத்துப்போன விமானத்தை 'ரா' கோப்பு முழுதாக மீட்குமா?

"'ரா' கோப்பில் எடுத்தால் போதும், எவ்வளவு வெளுத்துப்போன விமானப் படத்தையும் ஹைலைட்டைக் குறைத்து முழுமையாக மீட்டுவிடலாம்." நெல்லை, தூத்துக்குடி புகைப்பட ஆர்வலர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பாதிதான் உண்மை. 'ரா' என்பது கேமரா பதிந்த ஒளித் தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு. ஹைலைட் என்பது படத்தின் மிகப் பிரகாசமான பகுதி.

வழக்கமான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். 14 பிட் 'ரா' கோப்பில் 16,384. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது உச்சத்தைத் தொடாமல் இருந்தால், மென்பொருள் அதை வைத்து மற்றவற்றை ஓரளவு ஊகித்துத் தரும். மூன்றும் நிரம்பிவிட்டால் அங்கே தகவலே இல்லை. கலுங்கு தாண்டிப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது. ஹைலைட்டைக் குறைத்தால் கிடைப்பது வெறும் சாம்பல் திட்டு. இறக்கையின் ரிவெட் வரிசை அல்ல.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு வரும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானங்களை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கே கருமேகம் திரண்டிருக்கும், விமானத்தின் மீதோ வெயில் விழும். கேமரா பெரும்பரப்பான மேகத்தை அளந்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. சிறிய வெள்ளை உடல் வெளுக்கிறது. அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, ஏறத்தாழ 1 ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள். வெண்மேகத்தின் முன்னால் நேர்மாறு. விமானம்தான் இருளும், அங்கே குறைக்கக் கூடாது.

வெளுத்த இடங்களைக் காட்டக் கேமராத் திரையில் மினுக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்தே வருகிறது. லேசாக மினுக்கினால் 'ரா'வில் விவரம் எஞ்சியிருக்கலாம். உலோகத்தில் சூரியன் தெறிக்கும் புள்ளி வெள்ளையாகவே இருக்கட்டும். வெளுத்த இடத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவி நிரப்பித் தருவது கற்பனை. பதிவெண்ணைக்கூட அது தவறாக எழுதிவிடலாம்.