ஃபுனாகோஷி கராத்தேயைக் கண்டுபிடிக்கவில்லை
"கராத்தேயை உருவாக்கியவர் கிச்சின் ஃபுனாகோஷி, தன் பாணிக்கு ஷோட்டோகான் என்று பெயரிட்டதும் அவரே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1868-இல் ஒகினாவாவின் ஷூரியில் பிறந்த அவர், அன்கோ அசாட்டோ, அன்கோ இட்டோசு என்ற ஒகினாவா ஆசான்கள் இருவரிடமும் பயின்றவர். கலை அவருக்கு முன்பே அங்கே இருந்தது. அதை 1922-இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோய் வேரூன்றச் செய்ததுதான் அவருடைய சாதனை. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை! ஷோட்டோ என்பது அவர் கவிதை எழுதிய புனைபெயர், 'பைன் மரங்களின் அலை' என்று பொருள். 'கான்' என்றால் கூடம். மாணவர்கள் கட்டிய பயிற்சிக் கூடத்துக்கு வைத்த ஷோட்டோகான் என்ற பெயரே பிறகு பாணிக்கும் ஒட்டிக்கொண்டது.

ஷோட்டோகானில் பயிலும் ஹெய்யான் காட்டா (வரிசைப்படுத்திய அசைவுத் தொடர்) ஐந்தும் அவர் படைப்பு என்று சிலர் சொல்வதும் சரியல்ல. அவை இட்டோசு உருவாக்கிய பினான் காட்டாக்கள். ஃபுனாகோஷி பெயரை மாற்றினார், முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். பினான் நிதான் (இரண்டாவது) தான் ஹெய்யான் ஷோதான் (முதலாவது). இது தெரியாமல் வேறு பாணிக்காரரோடு சேர்ந்து செய்தால் முதல் அசைவிலேயே முட்டிக்கொள்வீர்கள்.

கராத்தே என்ற சொல்லில் 'காரா' என்ற ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, சீனாவைக் குறித்த எழுத்துக்குப் பதில் 'வெறுமை' எழுத்தைப் பரப்பியவர் அவர்தான். ஆனால் 1905-லேயே ஹனாஷிரோ சோமோ என்ற ஒகினாவா ஆசான் அப்படி எழுதியிருக்கிறார்.