நெருக்கடி ஊருக்குத்தான், விரலுக்கு இல்லை

நேற்று ஒரு தம்பி கணினி ஆட்டம் ஆடிய லைவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். அந்தத் தம்பியின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. ராணிக்காகக் காட்டுக்குள் ஊர் கட்டும் 'அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்ம்' ஆடிக்கொண்டிருந்தான். தூறல், தெளிவு, புயல் என்று மூன்று பருவங்கள் அதில் மாறி மாறி வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தும்போதெல்லாம் சாட்டில் ஒரே பாட்டு: "பாஸ் போட்டு ஆடுறதுக்குப் பேரு ஆட்டமா?", "டைமர் கேமை நிறுத்தி நிறுத்தி ஆடுனா அது ஏமாத்து." கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நிறுத்துவதையே விட்டுவிட்டான். அதற்கப்புறம் ஊர் நிற்கவில்லை. விழுந்ததும் அதற்கும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஒன்று சொல்கிறேன், இந்தப் பதிவு முழுக்க அதையே சொல்வேன்: இந்த வகை ஆட்டங்களில் நேர நெருக்கடி ஊருக்கு வைக்கப்பட்டது. உங்கள் விரலுக்கு இல்லை.

ஊர் எப்படி விழுந்தது என்று பாருங்கள். தெளிவுப் பருவம் முடியும் தறுவாய். மரவெட்டி முகாம் மூன்று, முகாமுக்கு இரண்டு பேர் வீதம் ஆறு பேரும் காட்டில். மரவெட்டிகள் வேலையில் இருக்கும்வரை காட்டின் பகைமை கூடுதலாகவே இருக்கும். திறந்த கிளேடுகள் (காட்டுக்குள் மறைந்திருக்கும் வெட்டவெளிகள்), கடந்த ஆண்டுகள், ஊரின் ஆள்கணக்கு எல்லாம் அதன் மேல் ஏறும். புயல் வரும்போது பகைமை எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப மக்களின் மனவுறுதி சரியும். அதனால் புயலுக்கு முன்னால் மரவெட்டிகளை இறக்கிவிடுவது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. நிறுத்தி வைத்தால் ஆறு கிளிக், முடிந்தது. ஓடும் ஆட்டத்தில் அதே நேரத்தில் ஒரு மரவெட்டி எல்லையோர மரத்தைச் சாய்த்து ஆபத்தான கிளேடைத் திறந்துவிட்டான். திரையில் புதிதாக ஒரு கவுண்ட்டவுன். தம்பியின் கண் அங்கே போனது, இங்கே புயல் இறங்கியது. ஊரில் வாழும் பல்லி இனத்தார் ஒவ்வொருவராக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் போனாலும் ராணியின் பொறுமையின்மைப் பட்டை ஏறும். அந்தச் சிவப்புப் பட்டை நிரம்பினால் ஆட்டம் முடிந்தது.

இதில் எந்த இடத்தில் அவனுக்கு யோசனை போதவில்லை? எங்கும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், முந்தைய புயலில் செய்தும் காட்டினான். அவனிடமிருந்து நீங்கள் பிடுங்கியது அந்த ஆறு கிளிக்கைத்தான்.

"நிறுத்தினால் பதற்றம் போய்விடும், பிறகு டைமர் எதற்கு?" இதுதான் பெரிய வாதமாக வைக்கப்படுகிறது. நிறுத்தினால் என்ன மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிவப்புப் பட்டை அங்கேயே நிற்கும், ஒரு இழைகூட இறங்காது. கிடங்கில் இல்லாத விறகு வந்து சேராது. தூறல், தெளிவு, புயல் மூன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு இருக்கிறது. மேல் நிலைகளில் புயல் இன்னும் நீளும். அந்த நிமிடங்களில் ஒரு நொடிகூட நிறுத்துவதால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. தூறலில் விதைத்துத் தெளிவில் அறுக்கும் வயலுக்கு, தூறல் முடியும்போது ஆள் போட்டால் அந்த ஆண்டு கையளவு விளைச்சல்தான். ஆட்டத்தை நாள் முழுக்க நிறுத்தி வைத்தாலும் போன தூறல் திரும்பாது. ஊரின் நேரம் ஊரின் நேரம்தான். நெருக்கடி அப்படியே இருக்கிறது. கூடவே, தப்பு என்று தெரிந்தால் அதை முழுசாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் கனம்.

அந்தச் சிவப்புப் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆடுபவர்கள் அதைப் பார்த்தாலே பதறுகிறார்கள். உண்மையில் பொறுமையின்மை ஏற ஏற காட்டின் பகைமை குறையும். வெற்றிக்காகச் சேர்க்கும் நற்பெயர்ப் புள்ளி ஒன்று கிடைத்தால் பொறுமையின்மை இறங்கும். ஆக, பட்டையைக் கொஞ்சம் ஏறவிட்டு, பகைமையைத் தணித்து, கையில் முடிக்கத் தயாராக இருக்கும் ஆணையை (முடித்தால் நற்பெயர் தரும் பணி) புயல் கழிந்தபின் முடிப்பதா, இல்லை இப்போதே முடித்துப் பட்டையை இறக்குவதா? இப்படி ஒரு கணக்கை ஆட்டத்துக்குள் வைத்தவர்கள் அதை ஓடுகிற ஓட்டத்தில் போடச் சொல்லி வைத்திருப்பார்களா? இந்த ஆட்டத்தைச் செய்த எரேமைட் கேம்ஸ்காரர்கள் நிறுத்திய நிலையிலேயே கட்டடம் வைக்க, ஆள் மாற்ற, ப்ளூபிரிண்ட் (எந்தக் கட்டடம் கட்டலாம் என்ற வரைபடம்) தேர்ந்தெடுக்க, ஆணை எடுக்க எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் முழு வடிவம் வந்தபோதும் அதை யாரும் எடுத்துவிடவில்லை. செய்தவர்களே கதவைத் திறந்து வைத்திருக்க, அதன் வழியாகப் போகிறவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

விரலுக்கு நெருக்கடி வைக்கும் ஆட்டங்கள் இல்லையா? இருக்கின்றன, நல்ல ஆட்டங்கள்தான். ஸ்பெலங்கியில் ஒரே தளத்தில் ரொம்ப நேரம் தங்கினால் பேய் வந்து துரத்தும். ரிஸ்க் ஆஃப் ரெயினில் நேரம் ஓட ஓட எதிரிகள் வலுப்பார்கள். அங்கே கைவேகம்தான் ஆட்டம். அதே ரோக்லைட் குடும்பத்தில் (தோற்றால் புதிய சுற்றாக முதலிலிருந்து தொடங்கும் வகை) 2012-இல் வந்த எஃப்டிஎல் என்ற விண்கப்பல் ஆட்டத்தைப் பாருங்கள். துரத்தி வரும் கலகப் படை நாம் தாவும் ஒவ்வொரு தாவலுக்கும் நகர்கிறது, கடிகாரத்துக்கு நகர்வதில்லை. சண்டையில் ஸ்பேஸ் பார் தட்டி எந்தக் கதவைத் திறப்பது, எந்த அறைக்கு ஆளை அனுப்புவது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதை யாரும் எளிய ஆட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. தே ஆர் பில்லியன்ஸிலும் நிறுத்திவைத்துக் கட்டளை இடலாம். அதையும் யாரும் எளிது என்பதில்லை.

"அப்படியானால் டைமரையே தூக்கிவிடலாமே" என்று மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல். அதற்கும் நான் உடன்பட மாட்டேன். நெருக்கடி இல்லாத நகரம் கட்டும் ஆட்டத்தில் ஒரு கட்டத்துக்குமேல் எல்லாம் தானாக ஓடும், நாம் உட்கார்ந்து எண்கள் ஏறுவதைப் பார்ப்போம். ரோக்லைட்டின் அழகே அந்தக் கட்டம் வருவதற்குள் ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவதுதான். சிவப்புப் பட்டை இல்லையென்றால் அரைகுறைப் ப்ளூபிரிண்ட்டை வைத்துச் சமாளிக்க வேண்டிய கட்டாயமே வராது, நல்லது வரும்வரை காத்திருக்கலாம். ஐலாண்டர்ஸ் போல நேரமே இல்லாமல் புள்ளியை மட்டும் வைத்து நெருக்குவது வேறு பள்ளி, அதுவும் பிடிக்கும்.

"பிரெஸ்டீஜ் 20-இல் இதெல்லாம் செல்லாது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பிரெஸ்டீஜ் என்பது ஆட்டத்தின் மிகக் கடினமான நிலைகள், 20 அதன் உச்சி. செல்லும். பிரெஸ்டீஜ் படி ஒவ்வொன்றும் ஊரின் மேல் ஒரு சுமையை ஏற்றுகிறது. ஸ்பேஸ் பாரைப் பிடுங்கும் படி எதுவும் இல்லை. மேலே போகப் போக நிறுத்தி யோசிக்கத்தான் காரணம் கூடுகிறது. ஆபத்தான கிளேடைத் தூறலின் முதல் நொடிகளில் திறந்து, உடனே நிறுத்தி, தீர்க்க என்ன பொருள் கேட்கிறது, எத்தனை பேர் வேண்டும், வேலை நடக்கும்போது என்ன கேடு, தவறவிட்டால் என்ன தண்டனை என்று நான்கையும் படிக்காமல் அங்கே ஊரை ஓட்ட முடியாது. தெளிவின் கடைசியில் திறந்தால் அந்த வேலை புயலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இது எந்த விரல் வேகத்தாலும் சரியாகாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. மணிக்கட்டு வலியோடு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கையால் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன எழுத்தைப் படிக்க நேரம் எடுக்கிறவர்கள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள். ஆங்கிலக் குறிப்பை இரண்டு முறை படித்தால்தான் பிடிபடும் என்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இவர்கள் எல்லாரும் ராணியிடம் தோற்கலாம், காட்டிடம் தோற்கலாம். அது நியாயமான தோல்வி. மெனுவைப் படித்து முடிப்பதற்குள் தோற்பது ஆட்டமே இல்லை. இவர்களைப் பார்த்து "உனக்கு இது சரிப்படாது" என்று சொல்லும்போது வலிக்கிறது. ஏனென்றால் சரிப்படும். நகரம் கட்டும் ஆட்டங்களில் இவ்வளவு பேருக்குச் சரிப்படும்படி செய்யப்பட்டவை குறைவு.

புதிதாக இந்த வகையில் ஆட்டம் வாங்க நினைப்பவர்கள் விமர்சனத்தில் "டென்ஷன்" என்ற சொல்லைப் பார்த்து ஓடவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். டெமோ இருந்தால் எடுங்கள். முதல் நிமிடத்திலேயே நிறுத்துங்கள். நிறுத்திய நிலையில் ஒரு கட்டடத்தை வைத்துப் பாருங்கள், ஓர் ஆளை வேறு வேலைக்கு மாற்றிப் பாருங்கள், ஒரு நிகழ்வின் விவரப் பெட்டியைத் திறந்து படித்துப் பாருங்கள். மூன்றும் முடிந்தால் அந்த ஆட்டத்தின் நெருக்கடி ஊருக்கு. நிறுத்தியதும் திரை மங்கி மெனு மட்டும் வருகிறது என்றால் அது விரலுக்கு. எது உங்களுக்கு வேண்டுமோ அதை வாங்குங்கள்.