பொன்னாடை தண்ணி இழுக்காது

தர்மபுரியில் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் இலக்கியக் கூட்டம் விடாமல் நடக்கிறது என்றால் அதற்கு ஒரே ஆள்தான் காரணம். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், கவிஞர் அண்ணா என்றே வைத்துக்கொள்வோம். பால் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். டிவிஎஸ் 50-இல் மைக்செட்டைக் கட்டிக்கொண்டு வருவது அவர், "கிளம்பிட்டீங்களா தோழர்" என்று 40 பேருக்குப் போன் போடுவதும் அவர். புதிதாக எழுத வரும் காலேஜ் பிள்ளைகளின் நோட்டைப் பென்சிலால்தான் திருத்துவார். பேனா என்றால் பிள்ளைகள் பயந்துவிடுமாம்.

பத்து வருடமாகப் போகிறேன். அவர் தன் கவிதையை வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை. நேரம் போய்விடும், அவருக்கு மிஞ்சுவது நன்றியுரைதான்.

போன மாதம் அவருக்கே பாராட்டு. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். வெண்பாவில் வல்லவர் என்றார். அண்ணா எழுதுவது புதுக்கவிதை! பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அண்ணா அதை மடித்து வைத்துவிட்டு நாற்காலி அடுக்கப் போய்விட்டார். வீட்டில் எத்தனை சேர்ந்திருக்கும் என்று கேட்டேன்.

"அது கிடக்கும்மா ஒரு மூட்டை. கை துடைக்கக்கூட ஆகாது. தண்ணி இழுக்காது."

அதியமான் ஆண்ட தகடூர்தான் நம்ம தர்மபுரி என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைச் சொல்லாத வரவேற்புரை இந்த ஊரில் கிடையாது. அதே அதியமான் நெடுமான் அஞ்சியிடம் புலவர் பெருஞ்சித்திரனார் முறுக்கிக்கொண்டது மட்டும் யார் வாயிலும் வராது. புறநானூறு 208. குன்றும் மலையும் தாண்டி வந்த புலவரை நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார் அவர். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு என்றாலும் இனிதாம். (எத்தனை நாள் போனாலும் முதல் நாள் மாதிரியே விரும்பி வரவேற்பான் என்று 101ஆம் பாட்டில் ஔவை பாடியதும் இந்த அஞ்சியைத்தான். அன்றைக்கு அவனுக்கு என்ன வேலையோ.)

நாமும் காணாமல்தான் கொடுக்கிறோம். நானும் சேர்த்தி. அண்ணா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகுப்பு நாலு வருடம் என் பீரோ மேல் கிடந்தது. போன வாரம் பாப்பாரப்பட்டி பஸ்ஸில்தான் பிரித்தேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் ஒரு அம்மா, பக்கத்து வீட்டில் கோழியை ஒப்படைக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. அடைக்கு வைத்த முட்டை எத்தனை என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கவிதை. நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

குழுவில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் பொன்னாடை, ஷீல்டு எதுவும் வேண்டாம். அந்தக் காசில் ஆளுக்கொரு தொகுப்பு வாங்குவோம், 80 ரூபாய்தான், அவர் கட்டிலடியில் கட்டுக்கட்டாக இருக்கிறது. படித்துவிட்டு வருவோம். அரை மணி நேரம் அவர் வாசிக்கட்டும். நாற்காலியை நாம் அடுக்கிக்கொள்ளலாம்.

அண்ணாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரிம்மா. அப்ப மைக்செட்டை யாரு எடுத்துட்டு வர்றது?"