ஆமாம், நான் பலூன் வாத்தியார்தான்

நேற்று நம்ம வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். என் வாலிபால் கோடை முகாமில் பந்துக்குப் பதில் பலூன் கொடுத்து, நெட்டுக்குப் பதில் கட்டிய கயிற்றுக்கு மேலே பிள்ளைகள் அதைத் தட்டிய என் வீடியோவுக்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணினேன், 17. கூடவே ‘பலூன் வாத்தியார்’ என்று ஒரு பட்டம். இத்தனை வருஷம் வெயிலில் நின்றதற்கு இதாவது கிடைத்ததே, நன்றி.

நான் சொல்வது ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் வாலிபால் பிடிக்க வேண்டும். நாளைக்கும் வர வேண்டும். வந்தால்தானே சொல்லிக்கொடுக்க?

நிஜப் பந்து 260 முதல் 280 கிராம். முன்கையில் நாலு பந்து வாங்கினாலே பிஞ்சுக் கை சிவந்துவிடும். அடுத்த பந்துக்கு அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ளும். அப்புறம் ‘முட்டியை மடக்கு’ என்று கத்தி என்ன பயன்? பலூன் மெதுவாக இறங்கும். அதன் அடியில் போய் நிற்க நேரம் கிடைக்கும். பாஸில், அதாவது வரும் பந்தை முன்கையில் வாங்கிக் கூட ஆடுபவருக்குக் கொடுப்பதில், பாதி வேலை காலுக்குத்தான் என்று நமக்குத் தெரியாதா?

பலூனுக்குப் பிறகு துண்டு. இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்து, வரும் பந்தை ஏந்திக் கயிற்றுக்கு அப்பால் எறிய வேண்டும். வாய்விட்டுப் பேசாமல் முடியாது. பெரிய டீம்களிலேயே நடுவில் விழும் பந்தை ரெண்டு பேரும் வேடிக்கை பார்க்கிறார்களே, அந்த நோய்க்கு இதைவிட மருந்து எனக்குத் தெரியவில்லை.

‘மேட்சில் யார் பலூன் தருவார்கள்?’ என்று குழுவில் கேட்டிருந்தார்கள். யாரும் தர மாட்டார்கள். பலூனில் டைமிங் வராது, ஒப்புக்கொள்கிறேன். 1895-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய வில்லியம் மார்கனே முதலில் கூடைப்பந்துக்கு உள்ளே இருக்கும் காற்றுப்பையை வைத்துப் பார்த்து, ரொம்ப லேசு என்று விட்டுவிட்டார். நானும் இரண்டாவது வாரமே பந்துக்குப் போய்விடுகிறேன். அந்த வீடியோவை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

‘18 மீட்டர் கோர்ட்டில் ஆடினால்தான் ஆட்டம்’ என்றும் எழுதியிருந்தார்கள். பெண்களுக்கே நெட் 2.24 மீட்டர். நாலாம் வகுப்புப் பிள்ளை எம்பினாலும் விளிம்பு எட்டாது. சர்வீஸ் நெட்டைத் தாண்டாது, தாண்டினால் எடுக்க ஆளில்லை. பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பார்கள். சர்வதேச வாலிபால் சம்மேளனமே மினி வாலிபால் என்று சின்ன கோர்ட், தாழ்ந்த நெட், குறைந்த ஆட்கள் வைத்து ஆடச் சொல்கிறது. அவர்களுக்கும் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிடுங்கள்.

‘எங்களை அடித்து வளர்த்தார்கள், அதனால்தான் டிஸ்ட்ரிக்ட் ஆடினோம்’ என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஒரு பாஸ் தவறினால் கிரவுண்டை ஒரு சுற்று. எங்கள் செட்டில் என்னைவிட நல்ல கை உள்ளவன் ஒருத்தன் இருந்தான். பந்து அவன் விரலில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்து போகும். ஒரு நாள் பதினொரு சுற்று ஓடினான். மறுநாள் வயிற்றுவலி என்றான். அதற்கு மறுநாளும். அப்புறம் வரவேயில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். கிரவுண்டு பேச்சு எடுத்தாலே ‘அதை விடுடா’ என்பான். அடி வாங்கியும் நின்றவர்கள்தான் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஓடிப்போனவர்களை யார் சேர்த்தீர்கள்?

கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைப் பிடுங்கும்போது இந்தக் குழுவில் ஒரு சத்தமும் வராது. முகாமுக்கு ரெண்டு பந்து கேட்டு நான் போட்ட மெசேஜுக்கு நீல டிக் மட்டும்தான் வந்தது. பலூன் என்றதும் எல்லோருக்கும் வாலிபால் மேல் பாசம் பொங்கிவிட்டது.

பட்டம் கொடுத்த அந்த நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை. வீடியோவில் சிவப்பு டவுசரில் கடைசி பலூனுக்கு விழுந்து புரண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறானே, அவன் உங்கள் பையன். முகாமிலேயே காலை ஆறு மணிக்கு முதலில் வந்து நிற்பவனும் அவன்தான்.