வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேர்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்த கிறிஸ்தவ மறுமலர்ச்சியான மெதடிஸ்ட் இயக்கம் என்றதும், அதைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் குதிரைப் பயணமும் வெட்டவெளிப் பிரசங்கமும்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ஆனால் பிரசங்கத்துக்குக் கூட்டம் சேரும், கலையும். மேடைப் பேச்சில் வெஸ்லியை மிஞ்சியவர் ஜார்ஜ் விட்ஃபீல்ட். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களிடம் முதலில் வெளியில் நின்று பேசியதும், 1739இல் வெஸ்லியைப் பிரிஸ்டலுக்கு அழைத்ததும் அவர்தான். அப்படியும் வெஸ்லி 1791இல் இறந்தபோது, பெயர் பதிந்த 70,000க்கும் அதிகமான உறுப்பினர்களைப் பிரிட்டிஷ் தீவுகளில் விட்டுச் சென்றார். இதற்குக் காரணம் ஒரு கடன் வசூல் என்பேன்.

பிரிஸ்டலில் கட்டிய கூட்ட அறைக்குக் கடன் இருந்தது. 1742 பிப்ரவரியில் அதை அடைக்க வழி பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, அதாவது ஒரு சில்லறைக் காசு, கொடுக்கலாம் என்றார் ஃபோய் என்ற கப்பல் தலைவர். ஏழைகளால் முடியாதே என்று மறுப்பு எழுந்தது. பரம ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன் என்றார் அவர். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. அதுதான் ‘வகுப்பு’.

பென்னி வாங்க வீட்டுக்குப் போன தலைவர்களின் கண்ணில் குடியும் சண்டையும் பட்டன. வசூல்காரர் மேய்ப்பராக மாறியது இப்படித்தான். வீடு வீடாகப் போவதிலும் சிக்கல் வந்தது. தலைவர்களுக்கு நேரம் போதவில்லை. வேலைக்காரர்களைப் பார்க்க எஜமானர்கள் விடவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சொன்ன புகாரை நேருக்கு நேர் வைத்துத் தீர்க்கவும் முடியவில்லை. அதனால் பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் எழுதிய சீட்டு ஒன்று தருவார்கள். ஒழுங்கு தவறியவருக்கு அடுத்த சீட்டு வராது. சபை நடுவே நிறுத்தி அவமானப்படுத்தும் வேலையில்லை. அதற்காக இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1743இல் நியூகாசிலில் நீக்கப்பட்ட 64 பேரின் கணக்கை வெஸ்லியே எழுதி வைத்திருக்கிறார்: குடிக்காக 17 பேர், சாராயம் விற்றதற்காக 2 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர். மிக அதிகமாக 29 பேர் நீக்கப்பட்டது அக்கறையின்மைக்காக!

ஊருக்குள் எந்த மரியாதையும் இல்லாதவர்கள் இங்கே தலைவர்கள் ஆனார்கள். சுரங்கத் தொழிலாளி பெயர்ப் பட்டியல் வைத்தார், பணத்துக்குக் கணக்குச் சொன்னார், பத்துப் பேர் முன் வாய் திறந்து பேசினார். பெண்களும் வகுப்பு நடத்தினார்கள். 1761இல் டெர்பியில் சாரா கிராஸ்பி என்ற வகுப்புத் தலைவி முப்பது பேரை எதிர்பார்த்துப் போனார். வந்தது ஏறக்குறைய இருநூறு பேர். தனித்தனியே விசாரிக்க வழியில்லாமல் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். பெண் பிரசங்கத்துக்கு இப்படிப் பிறந்த வாய்ப்பை 1803இல் இயக்கத்தை ஆண்ட பிரசங்கிகள் சபையான வெஸ்லியன் மாநாடு ஏறக்குறைய அடைத்துவிட்டது. அந்த இயக்கம் தனக்கே செய்துகொண்ட பெரிய கேடு அது.

இங்கிலாந்தில் புரட்சி வராமல் தடுத்தது மெதடிசம்தான் என்றொரு வாதம் உண்டு. மாநாட்டுத் தலைமையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அரசுக்கு விசுவாசம் காட்டுவதில் அது குறை வைக்கவில்லை. வகுப்பைப் பார்த்தால் கதை வேறு. 1834இல் தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக நாடு கடத்தப்பட்ட டால்படில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரில் ஐவர் மெதடிஸ்டுகள். அவர்களில் ஜார்ஜ் லவ்லெஸ் உள்ளூர்ப் பிரசங்கி. 1840இல் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்டுகள் சங்கம் அமைத்தபோது பத்துப் பேருக்கு ஒரு வகுப்பு, ஒரு தலைவர், வாரம் ஒரு பென்னி, மூன்று மாதத்துக்கு ஒரு புது அட்டை என்றே விதி எழுதினார்கள்.

பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் முப்பது பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரையும் விசாரிக்க நேரம் இராது. நாலு பேர் மட்டும் தங்கள் விசுவாச அனுபவத்தைப் பற்றி வாராவாரம் ஒரே சாட்சியைச் சொல்வார்கள், மற்றவர்கள் வரமாட்டார்கள், வசூல் மட்டும் நிற்காது. 19ஆம் நூற்றாண்டில் பல வகுப்புகள் இப்படித்தான் தேய்ந்தன. 1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையின் காலி நகரில் இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். அவர்கள் கட்டிய பள்ளிக்கூடங்கள் நமக்கு நன்றாகத் தெரியும். வகுப்புச் சீட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.