த்ரீ நாட் த்ரீன்னு சொல்றதுக்கு முன்னாடி மேகசினைப் பாருங்க

காலேஜ்ல என்சிசில இருந்தப்போ கேம்ப்ல முதல் தடவையா பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிளைக் கையில குடுத்தாங்க, படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு சுடணும். பாக்கறதுக்கு அப்படியே த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 தோட்டா போடற பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள் மாதிரியே இருக்கும், அடியில தோட்டா அடுக்கற பெட்டியான மேகசினும் இருக்கு, ஆனா ஒவ்வொரு ரவுண்டையும் கையாலதான் உள்ள தள்ளணும். மேகசின்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு ஒண்ணு ஒண்ணா போடறோம்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சுட்டு முடிச்சதும் ஹவில்தார் சார் அந்த மேகசினைக் கழட்டி உள்ளங்கையில தட்டினார், பொலபொலன்னு அஞ்சு கோக்கா, அதாவது சுட்ட தோட்டாவோட காலி கேஸ், விழுந்துச்சு. உள்ள ஸ்பிரிங்கும் இல்ல, ரவுண்டைத் தூக்கிக் குடுக்கற தட்டும் இல்ல, வெறும் டப்பா. லீ என்ஃபீல்டைப் பயிற்சிக்காக .22க்கு மாத்தினப்போ, காலி கேஸ் விழறதுக்குன்னே அந்தக் கூட்டை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க.

அன்னிலேருந்து எந்தப் பழைய ரைஃபிளைப் பாத்தாலும் என் கண்ணு முதல்ல மேகசினுக்குத்தான் போகுது. நம்ம ஆளுங்க போல்ட் இழுக்கற ரைஃபிள் எதைப் பாத்தாலும் "பழைய 303"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க, எனக்கு நிஜமாவே வலிக்குது, ஏன்னா அதுக்குள்ள இருக்கற வேலையும் வரலாறும் அப்படியே காணாமப் போயிடுது.

போலீஸ்காரங்க தோள்ல இருந்த .410 மஸ்கட்டையே எடுத்துக்கங்க. கல்கத்தா பக்கம் இஷாப்பூர் ஃபேக்டரியில 303 ரைஃபிளையே மாத்திப் பண்ணினது அது. பேரலுக்குள்ள மரை கிடையாது, வழுவழுன்னு இருக்கும், தோட்டா 303 கேஸ்தான் ஆனா கழுத்து ஒடுங்காது. மேகசின் இருந்த குழியை ஒரு மரக்கட்டை வெச்சு அடைச்சிட்டாங்க. ஒரு ரவுண்டு போடு, சுடு, மறுபடி போடு, அவ்வளவுதான். ஒருவேளை கூட்டம் பறிச்சுக்கிட்டாலும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. துப்பாக்கியையும் குடுத்துட்டு அதைப் பிடிச்சிருக்கற நம்ம ஆளையும் நம்பாத வெள்ளைக்காரன் ஆட்சி என்னன்னு எனக்கு அந்தக் கட்டை சொல்ற மாதிரி எந்தப் புத்தகமும் சொன்னதில்ல.

இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிள் கதை வேற. 1962 சீனப் போருக்கு அப்புறம் வந்தது, 7.62 மி.மீ. தோட்டா. இதையும் 303ஐ மாத்தினதுன்னு எழுதறாங்க, இல்லங்க, புதுசா செஞ்சது, அழுத்தம் தாங்கறதுக்காக, போல்ட் உக்கார்ற நடு உடம்பான ரிசீவருக்கு இன்னும் உறுதியான ஸ்டீல் போட்டாங்க. 303 தோட்டாவோட அடி விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கும், மேல இருக்கற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்கு முன்னாடி உக்காரணும், மாறி உக்காந்தா சிக்கிக்கும், லோட் பண்றப்போ அதைக் கவனிச்சுத்தான் அடுக்கணும். 7.62ல அந்தத் துருத்தலே இல்ல. அதனால காலி கேஸை வெளிய இழுக்கற கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் மாத்தி, மேகசினையும் சதுரமா 12 ரவுண்டு பிடிக்கற மாதிரி புதுசா பண்ணினாங்க. 303ல பத்துதான். தூரத்துலேருந்து பாத்தாலே அந்தச் சதுரப் பெட்டி காட்டிக் குடுத்துடும்.

ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காகப் பண்ணின டி லைல் கார்பைன்ங்கற குட்டை ரைஃபிள் இன்னொரு அழகு. உடம்பு லீ என்ஃபீல்டு, தோட்டா .45, மேகசின் கோல்ட் 1911 பிஸ்டலோடது. பெரிய குழியில சின்ன மேகசின் ஆடாம நிக்கணும், தோட்டா சரியா பேரலோட பின்பக்கம் இருக்கற சேம்பர் வாயில ஏறணும், அதுக்குன்னு தனியா ஒரு அடாப்டர் பண்ணி உள்ள வெச்சாங்க. காலிபர், அதாவது தோட்டா அளவு, மாத்தறதுன்னா பேரலை மாத்தறதுன்னு நெனைக்கறவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன், பேரல் பாதி வேலைகூட இல்ல, தோட்டா ஒழுங்கா ஏறி ஒழுங்கா வெளிய வரணுமே, ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டது அதுக்குத்தான்.

உங்க வீட்டுல மஸ்கட் தூக்கி பாரா டூட்டி பாத்த தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தா அந்த மரக்கட்டையைப் பத்திக் கேட்டு எனக்கு எழுதுங்க. அதைக் கையில பிடிச்சவங்க வாயால கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.