வரிசையில் நின்றவர்கள் சோம்பேறிகள் இல்லை

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களைப் படம் எடுத்துப் போட்டு, "மூன்று நாளைக்குத் தண்ணீர் கூடச் சேர்த்து வைக்கத் துப்பில்லாத சோம்பேறிகள், சட்டம் போட்டால்தான் திருந்துவார்கள்" என்று எழுதியதற்கு இத்தனை பேர் கைதட்டியதைப் பார்த்த பிறகு மனசு ஆறவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்குப் பொருள் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். என் வீட்டில் வைத்திருக்கிறேன். முடிந்தவர்கள் எல்லோரும் வையுங்கள். ஆனால் அந்தப் பதிவு கேட்பதுபோல், வீட்டில் வைக்காதவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் வேண்டாம்.

"வெளிநாட்டில் எல்லாம் கட்டாயம்" என்று மூன்று பேர் அந்தப் பதிவின் கீழே எழுதியிருக்கிறார்கள். எந்த வெளிநாட்டில்? ஸ்வீடன் அரசு 2018-இல் வீடுகளுக்கு ஓர் அவசரகாலக் கையேடு அனுப்பியது, 2024-இல் திருத்தி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மறுபடி அனுப்பியது. ஒரு வாரம் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 72 மணி நேரத்துக்கு வேண்டியதை வீட்டில் வையுங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் சொன்னதும் ஊக்குவிப்புதான். ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்கிறார்கள், அதுவும் அறிவுரையே. சுவிட்சர்லாந்தில் சட்டக் கட்டாயம் உண்டு. யாருக்கு? உணவு, எரிபொருள், மருந்து இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கு. இருப்பு வைக்கிற சுமையை அதைத் தாங்கக்கூடியவர்கள் தலையில் ஏற்றினார்கள். வீடுகளுக்குச் சொல்வது அறிவுரை மட்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். ஒரு வாரம் என்றால் 105 லிட்டர். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் இதை எங்கே வைப்பது? அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்குச் சமைக்கிறவரிடம் போய் ஒரு வாரச் சாப்பாட்டை எடுத்து ஓரமாக வை என்று சட்டம் சொன்னால், அவர் இன்றைய சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"ஹெல்மெட்டுக்குச் சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். ஹெல்மெட் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வரும், போட்டிருக்கிறாரா இல்லையா என்பது சாலையில் பார்த்தாலே தெரியும். வீட்டில் இருப்பு இருக்கிறதா என்று சோதிக்க யார் உள்ளே வருவார்? யார் வீட்டுக்கு முதலில் வருவார்? பெரிய கேட் போட்ட வீட்டுக்கு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

எல்லோரும் முன்பே வைத்திருந்தால் கடைசி நேர முண்டியடிப்பு இருக்காது என்பது நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் கழிப்பறைக் காகிதத்துக்குக்கூட மக்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்தோம். ஆனால் சட்டம் போட்டுத் தேதி குறித்தால் அதே முண்டியடிப்பு அந்தத் தேதிக்கு முந்தின வாரம் நடக்கும்.

இனி என் கதை. நாங்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒரு வெள்ளம் வந்தது. அப்போதே என்னிடம் பை தயார். டார்ச், தண்ணீர் பாட்டில்கள், காய்ந்த உணவு, காகிதங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில். நள்ளிரவில் தண்ணீர் உள்ளே வந்தபோது முதலில் மூழ்கியது அந்தப் பைதான். அம்மாவின் இன்சுலினை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டது. குளிர் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சேர்த்து வைத்தாலும் அது நிலைக்காது.

மாடி வீட்டு அக்கா எங்களை உள்ளே விட்டார். அவர் எதையும் சேர்த்து வைத்தவர் இல்லை. இருந்ததை ஒன்பது பேருக்குப் பங்கிட்டார். மூன்றாம் நாள்தான் குடிதண்ணீர் வந்தது, அம்மா இறங்கிப் போய் வாளியோடு வரிசையில் நின்றார். நீங்கள் சோம்பேறி என்று எழுதியது அந்த மாதிரி ஒரு வரிசையைப் பார்த்து.

"உணர்ச்சிவசப்படுகிறாய்" என்று யாராவது எழுதுவார்கள். ஆமாம், படுகிறேன். இருப்பு வைக்கவும் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டியவர்கள் மூன்று நாள் தாமதித்ததைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வார்த்தை இல்லை. பழி முழுக்க வாளி பிடித்து நின்றவர்கள் மேல். இந்தச் சட்டம் வந்தாலும் இதுதான் நடக்கும். உதவி ஏன் வரவில்லை என்று கேட்டால், நீ ஏன் வைத்திருக்கவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்தப் பதிவுக்கு விருப்பம் இட்டவர்களில் 14 பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். இரண்டு பேர் என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். யாரையும் நான் நீக்கவில்லை. சட்டம் பற்றி என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். படத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் நிற்கிறவர்களின் முகம் தெளிவாகத் தெரிகிறது.